மின்கட்டணம் ஏறினால் யாருக்குக் கைகொடுப்பது?

கேலாங் சாலையில் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். டுரியான் கடைகளின் வெள்ளை விளக்குகள், காப்பிக்கடைகளில் சுழலும் விசிறிகள், கடலுணவுக் கடைகளின் மீன்தொட்டிகளுக்குக் காற்று செலுத்தும் பம்புகள், கடைவீடுகளின் பின்சந்துகளில் வரிசையாக உறுமும் குளிர்சாதனங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மின்மானி ஓடிக்கொண்டிருக்கிறது. மின்மானி ஓடினால் யாரோ ஒருவர் பணம் கட்டியாக வேண்டும்.

அந்தப் பணம் எவ்வளவு வேகமாக மாறக்கூடும் என்பதற்கு ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை, வீடுகளுக்கான எஸ்பி குழுமத்தின் மின்கட்டணம் ஒரு கிலோவாட் மணிக்கு 19.60 காசு. நாம் ‘ஒரு யூனிட்’ என்று சொல்வது இதைத்தான். சரியாக ஈராண்டு கழித்து, 2022ல் அதே மூன்று மாதங்களுக்கு அது 30.17 காசு. இரண்டுமே பொருள் சேவை வரி சேர்க்காத விலைகள். மாதம் 350 யூனிட் பயன்படுத்தும் ஒரு குடும்பம் 68 வெள்ளி 60 காசு கட்டிய இடத்தில் ஏறக்குறைய 105 வெள்ளி 60 காசு கட்டவேண்டி வந்தது. வீட்டில் யாரும் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. ஆனாலும் மாதம் 37 வெள்ளி கூடுதல் செலவு.

2020ன் விலை, கொவிட்-19 காலத்தில் உலகமே முடங்கி எரிபொருள் மலிவாகக் கிடைத்தபோது வந்த அடிமட்ட விலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு கட்டணம் ஏறி இறங்கியிருக்கிறதே தவிர, அந்த நிலைக்குத் திரும்பவில்லை.

இப்படி விலை ஏறும்போது அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? “எல்லாருக்கும் விலையைக் குறைத்துவிடலாமே!” என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் பதில். அது தவறான பதில் என்பது என் கருத்து. மின்சாரத்தின் விலை அதன் உண்மையான செலவைக் காட்டட்டும். உதவி, தேவைப்படும் மனிதரைத் தேடிப் போகட்டும். சிங்கப்பூர் பெருமளவுக்கு இந்த வழியில்தான் செல்கிறது. ஆனால் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. கேலாங் கடைவீடுகளின் மேல்மாடிகளை அண்ணாந்து பார்த்தால் அது தெரியும்.

கப்பலில் வரும் வெளிச்சம்

கேலாங்கிலிருந்து கல்லாங் ஆற்றைக் கடந்தால், ஒரு காலத்தில் கல்லாங் எரிவாயு ஆலை இருந்த பகுதி வரும். 1862ல் கட்டப்பட்ட அந்த ஆலை நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்தது. 1864ல் சிங்கப்பூரின் முதல் எரிவாயுத் தெருவிளக்குகள் அதனால்தான் எரிந்தன. 1998ல் ஆலை மூடப்பட்டது. ஆனால் அன்றிருந்த ஒரு நிலை இன்றும் மாறவில்லை. நம் வெளிச்சத்துக்கான எரிபொருள் இந்தத் தீவில் கிடைப்பதில்லை. அன்று நிலக்கரி வெளியிலிருந்து வந்தது. இன்று இயற்கை எரிவாயு வருகிறது.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத் தயாரிக்கப்படுகிறது. ஒரு பகுதி இந்தோனீசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாய்வழி வருகிறது. இன்னொரு பகுதி திரவமாகக் கப்பலில் வருகிறது. எரிவாயுவை ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்தால் அது திரவமாகி, கொள்ளளவில் 600ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது. ஜூரோங் தீவில் உள்ள முனையம் 2013 முதல் இந்தத் திரவ எரிவாயுவைப் பெற்று, மீண்டும் வாயுவாக்கி மின்நிலையங்களுக்கு அனுப்புகிறது.

கப்பலில் ஏற்றக்கூடிய பொருள் என்றால் அதை யாரும் வாங்கலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ரஷ்யக் குழாய் எரிவாயுவை நம்பியிருந்த ஐரோப்பிய நாடுகள் திரவ எரிவாயுக் கப்பல்களைத் தேடி ஓடின. உலகச் சந்தையில் விலை எகிறியது. நம் எரிவாயு ஒப்பந்தங்கள் பலவும் எண்ணெய் விலையை ஒட்டியே அமைந்தவை. எண்ணெய் விலையும் ஏறியதால் அல்ஜுனிட்டில் உள்ள வீட்டின் கட்டணமும் ஏறியது. போர் நடந்தது உக்ரேனில். அதன் கணக்கு நம் வீட்டுக் கட்டணச் சீட்டிலும் வந்து சேர்ந்தது.

விலை உண்மையைக் காட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் அதற்குச் சற்று முன்பே பார்த்துவிட்டோம். தாராள மின்சாரச் சந்தை 2018ல் ஜூரோங்கில் தொடங்கி, 2019ல் தீவு முழுவதற்கும் விரிந்தது. விற்பனை நிறுவனங்கள் மலிவான நிலையான விலையை வாக்களித்து வாடிக்கையாளர்களைச் சேர்த்தன. 2021 பிற்பாதியில் மொத்த விலை தாறுமாறாக ஏறியபோது, 30 காசுக்கும் மேலாக வாங்கி 20 காசுக்கு விற்பவரின் நிலைமை அவர்களுக்கு ஏற்பட்டது. ஐஸ்விட்ச், ஓம் எனர்ஜி உள்ளிட்ட பல நிறுவனங்கள் கடையைக் கட்டின. அவற்றின் வாடிக்கையாளர்கள் மீண்டும் எஸ்பி குழுமத்திடமோ வேறு நிறுவனத்திடமோ செல்ல நேர்ந்தது.

எல்லாருக்கும் தள்ளுபடி தந்தால்?

அரசாங்கம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 10 காசு தள்ளுபடி தருவதாக வைத்துக்கொள்வோம். ஓரறை வீட்டில் தனியாக வாழும் மூதாட்டி மாதம் 100 யூனிட் பயன்படுத்தினால் அவருக்கு 10 வெள்ளி கிடைக்கும். எல்லா அறைகளிலும் குளிர்சாதனம் ஓடும் ஒரு தரைவீடு மாதம் 1,000 யூனிட் பயன்படுத்தினால் அதற்கு 100 வெள்ளி கிடைக்கும். யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவருக்கே அதிக உதவி! அதோடு, விலை குறைவாகத் தெரிவதால் சிக்கனம் செய்ய அந்தத் தரைவீட்டுக்குக் காரணமும் இல்லாமல் போகிறது. எரிபொருள் தட்டுப்பாடாக இருக்கும் நேரத்தில் இதைவிட மோசமான திட்டம் வேறில்லை.

யு-சேவ் கழிவு இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட தொகை பயனீட்டுக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. 2025 நிதியாண்டில் சிறப்புக் கூடுதலையும் சேர்த்து, ஓரறை, ஈரறை வீடுகளுக்கு 760 வெள்ளி. மிகப் பெரிய வீவக வீடுகளுக்கு 440 வெள்ளி. சிறிய வீட்டுக்குப் பெரிய உதவி. இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. நீங்கள் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தினாலும் கழிவுத்தொகை குறையாது. மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்குச் செல்லும். உதவியும் கிடைக்கிறது, சிக்கனத்தின் பலனும் உங்களுக்கே வந்து சேர்கிறது.

ஜெர்மனியும் 2023ல் இதே எண்ணத்தை வேறு வடிவில் செய்து பார்த்தது. ஒரு வீட்டின் வழக்கமான மின்பயன்பாட்டில் 80 விழுக்காட்டுக்கு மட்டும் விலைக்கு உச்சவரம்பு. அதற்குமேல் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள முழு விலை. அடிப்படைத் தேவைக்குப் பாதுகாப்பு உண்டு, வீணடிப்புக்கு இல்லை.

விலையைப் பல ஆண்டுகள் அழுத்தியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை ஒரு வேதனையான உதாரணம். அங்கே மின்கட்டணம் நீண்டகாலம் உயர்த்தப்படவில்லை. செலவுக்கும் வரவுக்கும் இடையிலான பள்ளம் ஆண்டுதோறும் பெரிதானது. நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் வாங்கவே பணம் இல்லாமல் போனபோது, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு ஏற்பட்டது. பிறகு 2022 ஆகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 விழுக்காடு ஏறியது. 2023 பிப்ரவரியில் மீண்டும் 66 விழுக்காடு. நெருக்கடிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டிய விலை, மக்கள் வேலையும் வருமானமும் இழந்து தவித்த நேரத்தில் ஒரே அடியாக விழுந்தது. அந்த முதல் ஏற்றத்தில், மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்திய வீடுகளுக்கான உயர்வு சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. விலையை மறைப்பது ஏழையைக் காப்பாற்றுவதுபோலத் தோன்றும். மறைத்தது வெளிப்படும் நாளில் முதலில் அடிபடுவதும் அவர்தான்.

திட்டு ஓரிடம், செலவு வேறிடம்

இனி வீட்டுக்குள் வருவோம். “சார்ஜரைக் கழற்று, கரண்ட் பில் ஏறுது!” என்று உங்களுக்கு எத்தனை முறை திட்டு விழுந்திருக்கும்? கைப்பேசி மின்கலத்தை முழுமையாக நிரப்பச் சுமார் 15 முதல் 20 வாட் மணி போதும். தினமும் நிரப்பினாலும் ஆண்டுக்கு 7 யூனிட்தான். 30 காசு என்று வைத்தால் ஓர் ஆண்டுக்கு 2 வெள்ளி சொச்சம்.

இப்போது படுக்கையறையைப் பாருங்கள். 50 வாட் விசிறி இரவு எட்டு மணிநேரம் ஓடினால் 0.4 யூனிட், அதாவது 12 காசு. மாதத்துக்கு 3 வெள்ளி 60 காசு. சராசரியாக 600 வாட் இழுக்கும் குளிர்சாதனம் அதே எட்டு மணிநேரம் ஓடினால் 4.8 யூனிட், அதாவது 1 வெள்ளி 44 காசு. மாதத்துக்கு 43 வெள்ளி 20 காசு. விசிறியைப்போல் பன்னிரண்டு மடங்கு.

ஏன் இவ்வளவு வேறுபாடு? விசிறி அறையைக் குளிர்விப்பதே இல்லை. உங்கள் தோலின் வியர்வை விரைவாக ஆவியாக உதவுகிறது. ஆவியாகும் வியர்வை உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. (ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவது முழு வீண் என்பது இதிலிருந்தே புரியும்.) குளிர்சாதனமோ அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டக் கொட்ட, சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் வெப்பம் மீண்டும் உள்ளே வருகிறது.

அப்படி வரும் வெப்பத்தின் வேகம், வெளியே உள்ள வெப்பநிலைக்கும் உள்ளே உள்ள வெப்பநிலைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. இரவில் வெளியே 29 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 23 வைத்தால் வித்தியாசம் 6 டிகிரி. 26 வைத்தால் 3 டிகிரி. சுவர் வழியே புகும் வெப்பம் பாதியாகிவிடுகிறது. காற்றின் ஈரப்பதத்தை அகற்றுவது, நம் உடல் வெளியிடும் வெப்பம் என்று வேறு சுமைகளும் இருப்பதால் மின்செலவு அப்படியே பாதியாகாது. ஆனாலும் குறைப்பு கணிசமானது. 26 டிகிரியில் வைத்து, கூடவே ஒரு விசிறியையும் போட்டுக்கொண்டால் 23 டிகிரிக்கு நிகரான சுகம் பெரும்பாலோருக்குக் கிடைத்துவிடும்.

ஆகவே வீட்டில் கவனிக்க வேண்டியவை வெப்பத்தை உண்டாக்கும் அல்லது வெப்பத்தை நகர்த்தும் பொருள்கள்: குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, வெந்நீர்க் கருவி. இவற்றை மாற்றும் நேரம் வரும்போது, விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள எரிசக்தி முத்திரையில் எத்தனை சரிக்குறிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து இருந்தால் மிகச் சிக்கனமானது. இதற்கு உதவவே 2024 ஏப்ரலில் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. 2025ல் அந்தத் திட்டம் சிங்கப்பூரர்கள் வாழும் தனியார் வீடுகளுக்கும் விரிவடைந்தது. பணத்தை மின்சாரத்தில் கரைப்பதைவிட நல்ல கருவியில் போடுவது மேல் என்பதே அதன் தத்துவம்.

மேல்மாடி அறையின் கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வீடு, அதற்கு ஓர் உரிமையாளர், அவர் பெயரில் ஒரு மின்கட்டணம் என்ற கணக்கில் சரியாக வரும். கேலாங்கின் லோரோங்குகளில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

அங்கே கடைவீடுகளின் மேல்மாடிகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன. உணவகத்தில் வேலை செய்பவர், கட்டுமான ஊழியர், குறைந்த வருமானத்தில் தனியாக வாழும் முதியவர் எனப் பலரும் அப்படித் தங்குகிறார்கள். கடைவீடு வீவக வீடு இல்லை; ஆகவே யு-சேவ் கழிவு அந்த முகவரிக்கு வராது. சுவரில் இருக்கும் குளிர்சாதனம் உரிமையாளருடையது. அது ஓடும் செலவோ குடியிருப்பவருடையது. தனியாகக் கட்டினாலும் சரி, வாடகையோடு சேர்த்துக் கொடுத்தாலும் சரி. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் கட்டணம் கட்டுவதில்லை, கட்டணம் கட்டுபவர் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்நிலையில் ஐந்து சரிக்குறிக் கருவியை யார் வாங்குவார்?

சராசரியாக 1,000 வாட் இழுக்கும் பழைய கருவிக்குப் பதில், அதே குளிர்ச்சியை 600 வாட்டில் தரும் கருவி இருந்தால் இரவுக்கு 3.2 யூனிட், மாதத்துக்கு 96 யூனிட் மிச்சம். 30 காசு விலையில் ஏறக்குறைய 29 வெள்ளி. சிறு சம்பளத்தில் வாழ்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பழைய கருவி கூடுதலாக உண்ணும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகப் பின்சந்தில்தான் கொட்டுகிறது. சந்து சூடாகச் சூடாக, அங்கே பொருத்தியுள்ள எல்லாக் கருவிகளும் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும். குளிர்சாதனமே இல்லாமல் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் பக்கத்து அறைக்காரர் அந்த அனலை இலவசமாகப் பெறுகிறார்.

“சிக்கனமாக இருங்கள்” என்று இவர்களிடம் அறிவுரை சொல்வது எளிது. அதில் நியாயம் இல்லை. வெயிலில் எட்டு மணிநேரம் உழைத்தவருக்கு இரவுத் தூக்கம் ஆடம்பரமன்று. சிக்கனம் செய்யும் வாய்ப்பே அவர் கையில் இல்லை.

இதற்கு அரசாங்கம் செய்யக்கூடியவை உண்டு. சந்தையில் விற்கப்படும் புதிய குளிர்சாதனங்களுக்குக் குறைந்தபட்சத் திறன்தரம் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சுவரில் தொங்கும் பழைய கருவியை அது தொடுவதில்லை. வாடகைக்கு விடப்படும் அறைகளில் உள்ள கருவிகளுக்கும் ஒரு தரம் வேண்டும். மாற்றுவதற்கு உரிமையாளர்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தரலாம். ஒவ்வோர் அறைக்கும் தனி மின்மானி பொருத்தும்படி கேட்கலாம். அப்போது 26 டிகிரியில் வைப்பவருக்கு அதன் பலன் நேரடியாகத் தெரியும்.

உரிமையாளர்கள் வாடகையை ஏற்றிவிட மாட்டார்களா? சிலர் ஏற்றலாம். ஆனால் கருவியின் கூடுதல் விலையை அதன் ஆயுள்காலத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்குச் சில வெள்ளிதான் வரும். மின்கட்டணத்தில் மிச்சமாவது அதைவிட அதிகமாக இருக்கும். வரிப்பணத்தில் தரும் கழிவு குடிமக்களுக்கே என்ற விதி புரிந்துகொள்ளக்கூடியது. நல்ல கருவி வேண்டும் என்ற விதிக்கோ எந்தக் கழிவும் தேவையில்லை. அந்த அறையில் யார் தூங்கினாலும் அது அவரைக் காக்கும்.

ஒரே கூடையில் எல்லாம்

இவை எல்லாம் செய்தாலும், 95 விழுக்காட்டுக்கு ஒரே எரிபொருளை நம்பியிருக்கும்வரை அடுத்த அதிர்ச்சிக்கு நாம் காத்திருக்கத்தான் வேண்டும். சூரிய ஒளிக்கு விலை ஏறாது. ஆனால் நம்மிடம் இடம் குறைவு. அதனால்தான் வீவக கூரைகளிலும், 2021ல் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்கத்தின் மிதக்கும் பண்ணையிலும் தகடுகள் பரப்பப்படுகின்றன. 2022 ஜூனில் லாவோசிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரையிலான நீர்மின்சாரம் வரத் தொடங்கியது. அளவு சிறிது, வழி பெரிது. மின்கம்பிகளுக்கும் சேமிப்புக் கலன்களுக்கும் இன்று செலவிடுவது, நாளை இன்னொரு போரின் விலை நம் கட்டணச் சீட்டில் ஏறாமல் இருக்கக் கட்டும் காப்புறுதி.

கரிம வரியும் இதே காரணத்துக்காகத்தான். 2019ல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024ல் 25 வெள்ளியாகவும் 2026ல் 45 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. எரிவாயுவின் விலையில் சேராத பருவநிலைப் பாதிப்பைக் கணக்கில் சேர்க்கும் முயற்சி அது. அதன் ஒரு பகுதி மின்கட்டணத்திலும் வந்து சேரும். ஆகவே சிறிய வீட்டுக்கான உதவியும் அதற்கேற்ப நீடிக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மின்மானியை இரவு படுக்கும்முன் ஒருமுறையும் காலையில் எழுந்ததும் ஒருமுறையும் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் குளிர்சாதனத்தை வழக்கம்போல் வையுங்கள். மறுநாள் 26 டிகிரியும் விசிறியும். வித்தியாசத்தைக் கட்டண விலையால் பெருக்கி, முப்பதால் பெருக்குங்கள். கிடைக்கும் தொகையை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். சார்ஜருக்காக விழும் திட்டு குறையலாம்.

அதன்பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். மின்மானியைப் பார்க்கவும் கருவியை மாற்றவும் முடியாதவர் நம் ஊரில் யார் யார்? விலை ஏறும் அடுத்த முறை, உதவி முதலில் போய்ச் சேரவேண்டிய கதவு அவர்களுடையதுதான்.